தண்ணீர் திரும்பாத வருஷம்

நீளக் கழியில் மாட்டிய இரும்பு வாரியைக் கம்பித் தடுப்போடு ஒட்டித் தண்ணீரின் அடிவரை இறக்கி, ஒரே மூச்சில் மேலே இழுக்க வேண்டும். பாதியில் மூச்சு வாங்கினால் வந்ததெல்லாம் வழுக்கிக்கொண்டு திரும்பவும் தண்ணீருக்கே போய்விடும். பீம்ராவ் பதினோரு வருஷமாக இப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தான். அன்று காலையிலிருந்து நாற்பது தடவைக்கு மேல் இழுத்தாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் வாரியின் பற்களில் ஐந்தாறு சொறி மீன்கள் தொங்கிக்கொண்டு வந்தன. தண்ணீருக்குள் பார்த்தால் குடை மாதிரி அழகாகத்தான் இருக்கும். வெளியே வந்து விழுந்தால் கொழகொழவென்று ஒரு குவியல், அவ்வளவுதான். ஆனால் செத்தாலும் அதன் நூல் நூலான கால்களிலிருந்து விஷம் போகாது.

"நைனா, கொஞ்சம் தள்ளிப் போடு. போன வாரம் பட்டதே இன்னும் எரிஞ்சிகினு கீது" என்றார் உசேன். பீம்ராவை விடப் பத்து வயது மூத்தவர். கழுத்திலும் தாடைக்குக் கீழும் சிவந்த கோடுகள் காய்ந்தும் காயாமலும் கிடந்தன. இரண்டு பேரும் கைக்கு மாட்டியிருந்தது லாரி டியூபை வெட்டித் தைத்த உறை. டோல்கேட்டில் பஞ்சர் கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கியது. கம்பெனி ரப்பர் கையுறை வருகிறது, வருகிறது என்று மூன்று வருஷமாக வந்துகொண்டே இருந்தது.

திருவொற்றியூரைத் தாண்டி, கடலை ஒட்டி நின்ற ரசாயனக் கம்பெனி அது. உள்ளே இராப்பகலாகக் கொதிக்கும் இயந்திரங்களைக் குளிர வைக்கக் கடல் தண்ணீர் வேண்டும். கருங்கல் கட்டுகளுக்கு நடுவே ஒரு கால்வாய் வெட்டி, அதன் முடிவில் பம்ப் ஹவுஸ் கட்டியிருந்தார்கள். பம்புக்கு முன்னால் சல்லடை, சல்லடைக்கு முன்னால் கம்பித் தடுப்பு. குப்பை, பாசி, பாலிதீன் பை, செத்த நாய், சாமிக்குப் போட்ட மாலை என்று கடல் எதைக் கொண்டு வந்தாலும் அந்த இடத்தில் நிறுத்தி அள்ளிப் போடுவதுதான் வேலை. ஷிப்டுக்கு இரண்டு பேர். எல்லாரும் கான்ட்ராக்ட்.

வருஷத்தில் இரண்டு தடவை கடலோரத் தண்ணீர் திசை மாறும். ஐப்பசியில் வடக்கேயிருந்து தெற்காக ஓடத் தொடங்கும். மாசி வாக்கில் தெற்கேயிருந்து வடக்காகத் திரும்பும். திரும்புகிற அந்த நாட்களில் சொறி கூட்டம் கூட்டமாகக் கரையோரம் ஒதுங்கும். அப்போது மட்டும் கான்ட்ராக்டர் அண்ணாச்சி ஷிப்டுக்கு நான்கு ஆட்களைக் கூடுதலாகக் கொடுப்பார். தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் சொறி போய்விடும், அந்த நான்கு பேரும் போய்விடுவார்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் பீம்ராவ் ஒரு யோசனை செய்தான். காசிமேட்டில் கழித்துப் போட்ட இழுவலை ஒன்றை வாங்கி வந்து கால்வாயின் வாயில் கட்டினான். மேலே மிதக்கக் காலி எண்ணெய் கேன்கள், கீழே இழுக்கச் செங்கல். சொறியில் முக்கால்வாசி வெளியிலேயே நின்றுவிட்டது. அதைப் பார்க்க வந்த இன்ஜினீயர், "என்னய்யா, கம்பெனிக்குள்ள மீன் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெளியாட்கள் யாராவது பார்வையிட வரும் நாளில் மட்டும் சூப்பர்வைசர் ஓடி வந்து, "அந்தக் கந்தலைச் சுருட்டி ஷெட்டு பின்னால போடு" என்பார். போனதும் மறுபடி கட்டுவார்கள். ஏழு வருஷமாக அந்த வலை கம்பெனிக்குள் இருந்தது, கம்பெனிக் காகிதம் எதிலும் இல்லை.

வலை கட்டினால் மட்டும் போதாது. அதில் பாசி ஏறும். காலையும் மாலையும் நான்கு பேர் மார்பளவு தண்ணீரில் நின்று சுரண்ட வேண்டும். சுரண்டாவிட்டால் பம்புக்குத் தண்ணீர் பற்றாமல் அது உறும ஆரம்பித்துவிடும். அதனால் வலைக்கென்று ஒரு கணக்கு தானாகவே உண்டாகியிருந்தது. ஐப்பசியில் மழைக்கால அலை வலையை நிற்க விடாது. மாசி மகத்தன்று கட்டுவார்கள். பங்குனி கடைசி நாள் சாயந்தரம் கழற்றுவார்கள். மறுநாள் ஏப்ரல் பதினான்கு. வருஷப் பிறப்புக்குச் சிலர் வரமாட்டார்கள். அம்பேத்கர் பிறந்த நாளுக்கு வியாசர்பாடி ஆட்கள் ஒருத்தரும் வரமாட்டார்கள், அதில் பீம்ராவ் முதல் ஆள். சுரண்ட ஆளில்லாத நாளில் வலை கிடக்கக் கூடாது. அதற்குள் தண்ணீரும் எப்போதும் திரும்பி முடிந்திருக்கும்.

தொண்ணூற்றெட்டில் முடியவில்லை.

அது பீம்ராவுக்கு முதலிலேயே தெரிந்தது. தினம் காலையில் வேலைக்கு வந்ததும் ஒரு தெர்மாகோல் துண்டைக் கல்கட்டுக்கு வெளியே வீசுவான். மற்ற வருஷங்களில் பங்குனி பாதியிலேயே அது மரியாதையாக வடக்கே எண்ணூர் பக்கம் போகத் தொடங்கிவிடும். இந்த வருஷம் ஒரு நாள் எண்ணூர் பக்கம் போனது, அடுத்த நாள் தெற்கே காசிமேட்டுப் பக்கம் போனது, சில நாள் எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றது. கால் வைத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

புதன்கிழமை தோறும் ஞானசெல்வி வருவாள். தூத்துக்குடிப் பெண். பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய பேராசிரியர் யாரையோ பிடித்துக் கம்பெனிக்குள் வர அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தார். கயிற்றில் கட்டிய பாட்டிலைத் தண்ணீருக்குள் இறக்கி, சூடு எவ்வளவு என்று பார்த்து நோட்டில் எழுதுவாள். வாரியில் வந்த சொறியை வகை வகையாகப் பிரித்து எண்ணுவாள். உசேனும் பீம்ராவும் அவளுக்காகத் தனியே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைப்பார்கள்.

"இன்னாம்மா, கடலுக்கு ஜுரம் எவ்ளோ கீது?" என்று பீம்ராவ் கேட்டான்.

"ஜுரம்தாண்ணே. போன வருஷம் இதே வாரத்த விட ஒண்ணரை டிகிரி கூட."

"ஒண்ணர டிகிரிலாம் ஒரு சூடா? எம்.கே.பி. நகர்ல எங்க மாடிக்கு வந்து பாரு. வெறுந்தரைல அப்பளம் பொரிக்கலாம்."

"உங்க உடம்புல ஒண்ணரை டிகிரி ஏறுனா வேலைக்கு வருவீங்களா?"

பீம்ராவ் யோசித்தான். வந்துதான் இருக்கிறான் பல தடவை. 

ஞானசெல்வி பாட்டிலைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னாள். "பசிபிக்குன்னு ஒரு கடல் இருக்குல்லாண்ணே. அந்தப் பக்கம், தென் அமெரிக்காகிட்ட, போன வருஷம் தண்ணி ரொம்பச் சூடாயிட்டு. சூடானா அங்க காத்து மாறும். அங்க மாறுனா உலகம் பூரா காத்தும் மழையும் இடம் மாறும். நம்ம கரையோரத் தண்ணிய ஓட்டுறதே காத்துதான. அதான் இங்கயும் குழம்பிப் போச்சுன்னு நெனைக்கோம். எங்க சார் கண்டிப்பா சொல்ல முடியாதும்பாரு. ஆனா அப்படித்தான் இருக்கும். எல் நினோன்னு பேரு."

"அப்போ இந்தச் சொறி?"

"போக வேண்டிய நேரத்துல போகாது. எப்ப வரும்னும் சொல்ல முடியாது."

உசேன் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். "எங்கயோ ஒரு ஊர்ல கடல் சூடாச்சாம், என் கயுத்துல வந்து எரியுது. அந்த ஊர் காத்துக்கு நம்ம அண்ணாச்சி கான்ட்ராக்டு எப்போ முடியுதுன்னு தெர்யுமா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு பீம்ராவ் பங்குனி முடிய இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினான்.

அந்தச் சனிக்கிழமை அவன் வேலை முடிந்து நேரே டோல்கேட்டுக்குப் போனான். பாலகணேஷ் அண்ணாச்சிக்கு அங்கே பெயின்ட், இரும்புச் சாமான் கடை. நாசரேத் பக்கத்துக்காரர். கடையை நடத்திக்கொண்டே மூன்று கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டும் எடுத்திருந்தார். கல்லாவில் உட்கார்ந்தபடியே விஷயத்தைக் கேட்டார். கேட்கவே மாட்டேன் என்கிற மனிதரில்லை.

"அண்ணாச்சி, தண்ணி இன்னும் திரும்பல. நாலு பேர இன்னும் ஒரு மாசம் வச்சுக்கினா வலய கயட்டாம உட்டுடலாம்."

"ஏல, நான் என்ன செய்ய? ஆர்டர்லயே போட்டிருக்கான். மாசி மகத்துலருந்து பங்குனி முடிய. அதுக்கு மேல ஒரு நாள் ஆள் நின்னாலும் எங்கையிலருந்துதான் போவும்."

"கடல் காலண்டர் பாக்குமா அண்ணாச்சி?"

"கடல் பாக்காது. கம்பெனி பாக்கும்" என்று சொல்லிவிட்டு, வந்த வாடிக்கையாளருக்கு ஆணி நிறுக்கப் போனார். திரும்பி வந்து, "நான் வேணா சொல்லிப் பாக்கேன்" என்றார். சொன்னாரா இல்லையா என்பது கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை, ஏப்ரல் பதிமூன்று சாயந்தரம், வலையைக் கழற்றினார்கள். கூடுதல் ஆட்கள் நான்கு பேருக்கும் அதுதான் கடைசி நாள். கேன்களை அவிழ்க்கும்போது பீம்ராவின் கை கொஞ்சம் தயங்கியது. கல்கட்டுக்கு வெளியே பார்த்தான். காலையில் வீசிய தெர்மாகோல் இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் நாளைக்குச் சுரண்ட ஆளில்லை. வலையை இப்படியே விட்டால் நாளை மத்தியானத்துக்குள் பாசி அடைத்துப் பம்பு நின்றுவிடும். அவிழ்த்துச் சுருட்டி ஷெட்டுக்குப் பின்னால் போட்டார்கள்.

மறுநாள் வியாசர்பாடி முழுக்க நீலக் கொடி. பீம்ராவ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஊர்வலத்தோடு நடந்து, சிலைக்கு மாலை போட்டு, மத்தியானம் மன்றத்தில் பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறினான். அவன் மனைவி மாயா, "இன்னிக்காவது கை எரியலன்னு சொல்லு" என்று கேட்டபோது, "இன்னிக்கு ஒண்ணுமே எரியல" என்றான். அது உண்மைதான். அன்று அவனுக்குக் கடல் ஞாபகமே வரவில்லை.

பதினைந்தாம் தேதி வேலைக்கு வந்ததும் ஞாபகம் வந்தது. இரண்டு பேரால் வலையைக் கட்டிவிடலாம். சுரண்ட முடியாது. ஷிப்ட் சூப்பர்வைசரிடம் போய், "சார், தண்ணி சரியில்ல. ரெண்டு ஆளாச்சும் குடுத்தா வலய திருப்பிக் கட்டிடுவோம்" என்றான். "பாக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். அடுத்த வாரமும் போய்ச் சொன்னான். அதே பதில். எழுதிக் கொடுக்கலாம் என்று பீம்ராவுக்குத் தோன்றவில்லை. பம்ப் ஹவுஸ்காரன் கம்பெனிக்குக் காகிதம் எழுதியதாக அதுவரை சரித்திரமே இல்லை.

சித்திரை முழுக்கச் சொறி கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, போனது. வைகாசி பிறந்து பத்து நாள் ஆனபோது ஒன்றுமே வரவில்லை. உசேன்கூட, "அப்பாடா, அந்த ஊர் காத்து ஓஞ்சிடுச்சு போல" என்றார்.

மே இருபத்தாறு, காலை பதினொரு மணி. பீம்ராவ் வாரியை இறக்கினான். வாரி அடிவரை போகவில்லை. நடுவிலேயே மெத்தையில் குத்தியது போல நின்றது. குனிந்து பார்த்தான். கால்வாய்க்குள் தண்ணீர் தெரியவில்லை. இந்தக் கல்கட்டிலிருந்து அந்தக் கல்கட்டு வரை, ஒன்றின் மேல் ஒன்றாக, வெள்ளையும் ஊதாவுமாகச் சொறி. வெளியே கடலிலும், பார்வை எட்டுகிற தூரம் வரை, அலை உடையாமல் கனமாக ஏறி ஏறி இறங்கியது.

"பாய்! செயின் பிளாக்க போடு! முதல் சல்லடையத் தூக்கு!"

இரண்டு சல்லடைகள் உண்டு. ஒன்றைத் தூக்கிக் கழுவும்போது மற்றது தாங்க வேண்டும். உசேன் சங்கிலியை இழுத்து முதல் சல்லடையை மேலே கொண்டுவருவதற்குள் இரண்டாவது அடைத்துவிட்டது. பீம்ராவ் வாரியை வீசிவிட்டுக் கூடையால் அள்ளினான். கூடை போதாமல் கையால் அள்ளினான். டியூப் உறைக்குள் தண்ணீர் புகுந்து முழங்கை வரை தீப்பிடித்தது. உசேன் ஓடிப்போய் ஷெட்டிலிருந்த போனில் கண்ட்ரோல் ரூமுக்குச் சொன்னார். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். ஆள் வருவதற்குள் பம்பின் சத்தம் மாறியது. முதலில் உறுமல், பிறகு தொண்டையில் சளி கட்டியது போல ஒரு கரகரப்பு, பிறகு ஒன்றுமில்லை. பதினோரு வருஷத்தில் பம்ப் ஹவுஸுக்குள் அலைச் சத்தம் கேட்டது அன்றுதான்.

தண்ணீர் நின்றதால் உள்ளே எல்லா இயந்திரத்தையும் நிறுத்த வேண்டியதாயிற்று. கலனில் கொதித்துக்கொண்டிருந்த சரக்கு அப்படியே இறுகிக் கல்லாகிவிட்டது. அதை உடைத்து எடுத்து மறுபடி கம்பெனியை ஓட்ட ஆறு நாள் பிடித்தது. அந்த ஆறு நாளும் வெளியிலிருந்து நாற்பது ஆட்களைக் கூட்டி வந்து சொறி அள்ளினார்கள். அத்தனை பேருக்கும் ரப்பர் கையுறை வந்து இறங்கியது.

ஏழாம் நாள் கேட்டில் செக்யூரிட்டிக்காரன் பீம்ராவையும் உசேனையும் நிறுத்தி, "பாஸைக் குடுத்துட்டு வெளியே இருங்க. விசாரணை இருக்குதாம்" என்றான். அந்த பாஸ் ஓர் அட்டைதான். அதில் போட்டோவும் பெயரும் கான்ட்ராக்டர் முத்திரையும் இருக்கும். அது இல்லாவிட்டால் இந்தக் கம்பெனி மட்டுமில்லை, இந்த ரோட்டில் இருக்கும் எந்தக் கம்பெனியிலும், "ஏன் அங்கேருந்து வந்துட்டே?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

குற்றம் என்னவென்று பர்சனல் மேனேஜர் அறையில் சொன்னார்கள். கால்வாயின் பாதுகாப்பு வலையை மேலதிகாரியின் அனுமதியின்றி, பண்டிகைக்குச் செல்வதற்காகக் கழற்றியது. திரும்பக் கட்டாமல் அலட்சியமாக இருந்தது.

பாதுகாப்பு வலை! பீம்ராவுக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. எந்த வலையைச் சொல்கிறார்கள்? ஷெட்டுக்குப் பின்னால் கிடக்கும் அந்தக் கந்தலா?

"சார், அது நாங்களா கட்னது. அது கம்பெனி வலையே கெடையாது."

"கம்பெனிக்குள்ள இருந்தா கம்பெனி வலைதானே?" என்றார் மேனேஜர். வெடுக்கென்று பேசுகிறவரில்லை, மெதுவாகத்தான் கேட்டார். "ஏப்ரல் பதிமூணு நீதானே கழட்டினே? மறுநாள் நீ லீவா இல்லையா?"

"லீவுதான் சார். ஆனா ஆள் இல்லாம வலய உட்டா..."

"ஆள் இல்லன்னு எழுதிக் குடுத்தியா?"

"வாயால சொன்னேன் சார். ரெண்டு தபா சொன்னேன்."

சூப்பர்வைசர் சுவரோரம் நின்றிருந்தார். மேனேஜர் அவரைப் பார்த்தார். "எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்றார் சூப்பர்வைசர். அவருக்கும் வேலை வேண்டும்.

அடுத்த புதன்கிழமை ஞானசெல்வி பம்ப் ஹவுஸில் பீம்ராவைக் காணாமல், கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அவனைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் ஓர் ஆங்கில அறிக்கை. கம்பெனியே அவளுடைய பேராசிரியரிடம் கேட்டு எழுதி வாங்கியிருந்தது. வெகுதூரத்துக் கடலின் சூட்டால் இந்த வருஷம் நம் கரையின் நீரோட்டம் காலம் தப்பியது, அதனால்தான் சொறி இப்படி அளவில்லாமல் வந்தது என்று அதில் இருப்பதாகச் சொன்னாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "பாருங்கண்ணே, நன்றின்னு போட்டு உங்க பேரும் உசேன் பாய் பேரும் இருக்கு" என்று காட்டினாள். அவர்கள் பாஸ் பறிபோனது அவளுக்குத் தெரியாது. தெரிந்ததும் முகம் வெளிறிவிட்டது.

"இதக் கொண்டுபோய்க் குடுங்கண்ணே. இதுல தெளிவா இருக்கு, யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

பீம்ராவ் அதைச் சட்டைக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோனான். மாயா அன்று ராகிக் களி கிண்டியிருந்தாள். அதைக்கூட ஒழுங்காகச் சாப்பிடாமல், புரியாத ஆங்கில எழுத்தில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டினான். "அப்போ பாஸ் குட்த்துடுவாங்கல்ல?" என்றாள் மாயா. "குட்க்காம? படிச்ச சார் எய்திக் குட்த்தது" என்றான். அன்று நிஜமாகவே நம்பினான்.

மறுநாள் மேனேஜர் அதை வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்த்தார். படிக்கவில்லை, ஏற்கெனவே படித்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. மூடி, மேஜைக்கு மேல் பீம்ராவின் பக்கமாகவே நகர்த்தினார்.

"இது வேற ஃபைல்" என்றார்.

பிறகு பதினேழு நாள் யாரும் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் தினமும் எட்டு மணிக்குக் கேட்டுக்கு வந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஐந்து மணிக்குத் திரும்பிப் போனார்கள். வராமல் இருந்தால் வேலையை விட்டு நின்றுவிட்டான் என்று எழுதிவிடுவார்களாம். ஒருநாள் டீக்கடைக்காரர், "கடல்ல தண்ணி இப்போ சரியாயிடுச்சாமே?" என்று கேட்டார். "எங்கள உள்ள வுட்டா பாத்துச் சொல்லுவோம்" என்றார் உசேன்.

பதினெட்டாம் நாள் மத்தியானம் பாலகணேஷ் அண்ணாச்சி தன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பீம்ராவைத் தனியே கூப்பிட்டார்.

"பம்பாய் ஹெட் ஆபீஸ்ல ஒரு பேரு கேக்கான். யார் மேல நடவடிக்கை எடுத்தீங்கன்னு. ரெண்டு பேரு பேரையும் எழுதுனா ரெண்டு பாஸும் போவும். ஒருத்தன் ஒத்துக்கிட்டா ஒரு பாஸோட முடிஞ்சிரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உசேனுக்கு இனிமே வேற எவன் வேலை குடுப்பான், சொல்லு. உனக்கு வயசு இருக்கு. ஆடி கழியட்டும், மணலி கம்பெனில ஒரு கான்ட்ராக்டு வரும்னு இருக்கேன்" என்றார்.

உசேன் பெஞ்சிலிருந்தே எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். எழுந்து வந்து, "நைனா, நானு போட்டுர்றேன் கையெய்த்து. நீ புள்ள குட்டிக்காரன்" என்றார்.

"வலய கொண்டாந்தது நானு. கயட்டச் சொன்னதும் நானு. நீ சொம்மா கெட பாய்" என்றான் பீம்ராவ். சொல்லும்போது அவனுக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. நிஜமாகவே தன் மேல் தப்பு இருக்கிறதோ என்று பல நாள் தூக்கமில்லாமல் யோசித்திருக்கிறான். அந்தத் தெர்மாகோல் துண்டைப் பார்த்தும்தானே அவிழ்த்தான். ஆனால் அவிழ்க்காமல் இருந்திருந்தால் மறுநாளே பம்பு நின்றிருக்கும். எப்படிச் சுற்றி யோசித்தாலும் அதே இடத்தில்தான் வந்து நின்றது.

மேனேஜர் அறையில் டைப்பிஸ்ட் எல்சி இரண்டு காகிதங்களோடு உட்கார்ந்திருந்தாள். ராயபுரத்துக்காரி. எப்போதாவது சொறிக் காயத்துக்கு முதலுதவிப் பெட்டியைத் திறந்து மருந்து கொடுப்பாள். கையெழுத்துப் போடுபவருக்கு விஷயத்தைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று விதி இருப்பதால் அவளை வரச் சொல்லியிருந்தார்கள்.

"முதல்ல இது" என்றார் மேனேஜர். "இன்சூரன்ஸுக்கு. சம்பவம் நடந்தப்ப நேர்ல இருந்தவன் நீ, அதனால சாட்சிக் கையெழுத்து."

எல்சி குனிந்தபடியே தமிழில் சொன்னாள். "மே இருபத்தாறாம் தேதி காலையில, இயற்கையான காரணத்தால, முன்கூட்டியே தெரிஞ்சுக்க முடியாதபடி கடல்லேருந்து சொறி மீன் பெரிய அளவுல வந்துச்சு. பணியில இருந்தவங்க தங்களால முடிஞ்ச எல்லாத்தையும் செஞ்சாங்க. எந்த மனுஷ முயற்சியாலயும் இதத் தடுத்திருக்க முடியாது."

பீம்ராவ் காகிதத்தை எட்டிப் பார்த்தான். ஒரு மாதமாக அவன் வாய்க்குள் கிடந்து வெளியே வராமல் போன வார்த்தை ஒன்று விடாமல் அதில் இருந்தது. இத்தனை நன்றாக அவனுக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பான்.

"இன்னொரு தபா படிம்மா" என்றான்.

எல்சி மேனேஜரைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவள் இன்னொரு தடவை படித்தாள். பீம்ராவ் பேனாவை வாங்கி, லாரி டியூபின் கறுப்பு இன்னும் போகாத விரல்களால், நிதானமாக, ஓர் எழுத்தும் கோணாமல் தன் பெயரை எழுதினான்.

இரண்டாவது காகிதத்தை எல்சி உடனே படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டையும் டைப் அடித்தது அவள்தான்.

"இது ஹெட் ஆபீஸுக்கு" என்றாள். "மே இருபத்தாறாம் தேதி நடந்ததுக்கு, பாதுகாப்பு வலைய அனுமதி இல்லாம கழட்டின என்னோட அலட்சியம்தான் காரணம். நான் கொஞ்சம் கவனமா இருந்திருந்தா இதச் சுலபமா தடுத்திருக்கலாம். இத ஒத்துக்கிட்டு வேலையிலேருந்து விலகிக்கிறேன்."

 கூட வந்திருந்த பாலகணேஷ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பீம்ராவ் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இந்தத் தடவை திருப்பிப் படிக்கச் சொல்லவில்லை. பேனா முனை காகிதத்தில் பட்டதும் முதல் கோடே வளைந்தது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். எல்சியிடம் அதே காகிதத்தின் வேறொரு பிரதியை வாங்கி அவன் முன் வைத்தார். கையெழுத்துப் போட்டு முடித்திருந்த முதல் காகிதத்தையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"இதப் பாத்துப் போடு" என்றார். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்."

பீம்ராவ் அதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினான்.